ப்ளெய்ன்ஸ், ஜார்ஜியா: கடலை ஊரும் அதைச் சுத்தி நிறுத்திப் பாக்க வேண்டிய எடங்களும்

அட்லாண்டா பக்கம் இருக்குற நம்மாளுங்க லாங் வீக்கெண்ட் வந்தா ஹெலன், சவானா, டெஸ்டின்னு கெளம்பிடுவாங்க, தென்மேற்கு ஜார்ஜியா பக்கம் யாரும் திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க, ஃப்ளோரிடா போறப்ப ஐ-75ல கேஸ் போட நிக்கிறதோட சரி. முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்டர் ஊராச்சேன்னு யாராவது ப்ளெய்ன்ஸ் போனாலும் மெயின் ஸ்ட்ரீட்ல ஒரு போட்டோ, சிரிக்கிற கடலை சிலை பக்கத்துல ஒரு போட்டோ, ஒரு ஐஸ்க்ரீம், ஒரு மணி நேரத்துல காரை எடுத்துட்டு வந்து "ஒண்ணுமே இல்லப்பா அங்க"ன்னு சொல்லிடுறாங்க. அத கேக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேக்கல, அதான் இந்த ரிவியூ. ஒரு மணி நேரம்தான் இருக்குன்னா தயவுசெஞ்சு போகாதீங்க. ரெண்டு நாள் ஒதுக்குங்க, ப்ளெய்ன்ஸ நடுவுல வச்சுக்கங்க, சுத்தி ஒரு மணி நேர தூரத்துக்குள்ள இருக்குறதையும் சேத்து பாருங்க. இந்த மாநிலத்துல நான் போன ரோடு ட்ரிப்புகள்ல எனக்கு ரொம்ப பிடிச்சது இதுதான்.

அட்லாண்டாலேர்ந்து ரெண்டரை மணி நேரம் ஆகும். ஊரு அவ்ளோ சின்னது, 600 பேருக்கும் கம்மி, யுஎஸ் 280 ரோடு ஊர் நடுவுல போகுது, ரயில் தண்டவாளத்த பாத்தாப்ல ஒரே ஒரு வரிசை செங்கல் கடைங்க, அவ்ளோதான் டவுன். அந்த வரிசைக்கு எதிர்ல பாத்தீங்கன்னா 1888ல கட்டுன மரத்தாலான ரயில்வே டெப்போ நிக்குது. 1976 தேர்தல்ல கார்டரோட பிரச்சார ஆபீஸ் இதுதான். எதுக்கு இத புடிச்சாங்கன்னா, ஊர்ல பாத்ரூம் வசதியோட காலியா கிடந்த கட்டடம் இது ஒண்ணுதானாம். ஒரு அமெரிக்க ஜனாதிபதி தேர்தலோட தலைமை ஆபீஸ் இவ்ளோதானான்னு உள்ள நிக்கும்போது நிஜமாவே நம்ப முடியல, நம்ம ஊர்ல வார்டு எலெக்‌ஷனுக்கே இதவிட பெரிய எடம் புடிப்பாங்க.

ஆனா டெப்போலேர்ந்து ஆரம்பிக்காதீங்க. முதல்ல பழைய ப்ளெய்ன்ஸ் ஹைஸ்கூலுக்கு போங்க, அதுதான் இப்ப கார்டர் பேர்ல இருக்குற நேஷனல் பார்க்கோட விசிட்டர் சென்டர், மேப் அங்கதான் குடுப்பாங்க, டிக்கெட் எதுவும் கெடையாது, எல்லாமே ஃப்ரீ. 1921ல தெறந்த ஸ்கூல், 1979ல மூடிட்டாங்க, ஜிம்மியும் அவரோட மனைவி ரோசலினும் ரெண்டு பேருமே இங்க படிச்சவங்க. க்ளாஸ்ரூம அப்படியே வச்சிருக்காங்க. ஜூலியா கோல்மன்னு ஒரு டீச்சர் இங்க இருந்தாங்க, 1977ல பதவியேத்தப்ப பேசுன பேச்சுல கார்டர் அவங்க பேர சொன்னார். உள்ள கண்காட்சிய மெதுவா படிங்க, நமக்கு ஒரு விஷயம் இருக்கு. அவரோட அம்மா லில்லியன் கார்டர் ஒரு நர்ஸ், 68 வயசுல பீஸ் கோர்ல (வெளிநாட்டுக்கு தொண்டு வேலைக்கு ஆள் அனுப்புற அமெரிக்க அரசு அமைப்பு) சேந்து பம்பாய் பக்கம் விக்ரோலில போய் ரெண்டு வருஷம் வேலை பாத்தவங்க. நம்ம வீட்ல 68 வயசுன்னா டிவி ரிமோட்ட கைல குடுத்து உக்கார வச்சிடுறோம், இந்தம்மா அந்த வயசுல கண்டம் விட்டு கண்டம் போய் க்ளினிக்ல நின்னுருக்காங்க. எங்கம்மா ஊர்லேர்ந்து வந்திருந்தாங்க, அந்த போட்டோ முன்னாடி ரொம்ப நேரம் நின்னுட்டுத்தான் நகந்தாங்க.

இப்ப முக்கியமான எடத்துக்கு வரேன். டவுன்லேர்ந்து மேக்க ரெண்டு மூணு மைல்ல ஆர்ச்சரின்னு ஒரு எடம், அங்கதான் கார்டர் வளந்த பண்ணை இருக்கு. பாதி பேர் டவுன பாத்துட்டு இங்க வராமயே போயிடுறாங்க, அது பெரிய இழப்பு. 1928ல ஜிம்மிக்கு நாலு வயசுல இந்த வீட்டுக்கு குடி வந்தாங்க. 1938 வரைக்கும் கரண்ட் இல்ல, அதுக்கு முன்னாடி எப்படி இருந்துதோ அப்படியே வீட்ட திருப்பி அமைச்சு வச்சிருக்காங்க. வெளில கக்கூஸ், கைப்பம்பு, தண்ணி எறைக்குற காத்தாடி, கொல்லன் பட்டறை, அவங்கப்பா நடத்துன சின்ன மளிகைக் கடை, வீட்டுக்கு பக்கத்துலயே மண் தரைல ஒரு டென்னிஸ் கோர்ட், அதுவும் இருக்கு. இங்க யாரும் நம்மள கூட்டமா ஓட்டிட்டு போறதில்ல, கயிறு கட்டி வச்சு தள்ளி நிறுத்துறதும் பெருசா இல்ல, நம்ம பாட்டுக்கு நடக்கலாம். அங்கங்க ஒரு பட்டன் இருக்கும், அமுக்குனா கார்டரே பேசுறார், இந்த எடத்துல நான் என்ன வேலை செஞ்சேன், கடைல யாரு என்ன வாங்க வருவாங்கன்னு.

வீட்டுக்குள்ள பாத்ரூம்ல மேல பாருங்க. ஒரு தகர வாளிய தொங்க விட்டு அடில ஆணியால ஓட்டை போட்டு வச்சிருக்காங்க, அதுதான் ஷவர். காத்தாடி வச்சு வீட்டுக்குள்ள தண்ணி கொண்டு வந்ததுக்கு அப்புறம் அவங்கப்பா பண்ணது. என் பொண்ணு அண்ணாந்து பாத்துட்டு "பாட்டி, ஹாட் வாட்டர் எந்த பக்கம்?"னு கேட்டா. எங்கம்மா அவள கைய புடிச்சு சமையல்கட்டுக்கு கூட்டிட்டு போய் அங்க இருந்த விறகடுப்ப காமிச்சு, எங்க விறகு வைக்கணும், சாம்பல எங்கேந்து எடுக்கணும், அடுப்பு எரியுறப்ப பக்கத்துல தண்ணிய எப்படி சுட வச்சுக்குவாங்கன்னு ஒரு பத்து நிமிஷம் க்ளாஸ் எடுத்தாங்க. அங்க இருந்த ரேஞ்சரும் நின்னு கேட்டார், நான் இங்கிலீஷ்ல சொல்ல சொல்ல அவரு தலையாட்டிட்டே, "உங்கம்மா சொல்றது கரெக்டு, நாங்களும் இப்படித்தான் சொல்லுவோம்"னாரு. மியூசியம்னா கண்ணாடிக்கு பின்னாடி பொருள பாக்குறதுன்னு நெனச்சிட்டு இருந்த பசங்களுக்கு இது வேற அனுபவம்.

பண்ணைல ஜாக் கிளார்க், ரேச்சல் கிளார்க் வீடுன்னு ஒண்ணு இருக்கும், அத விட்டுறாதீங்க. பண்ணைல வேலை பாத்த கருப்பின தம்பதி. கார்டர் சின்ன வயசுல பாதி நேரம் இவங்க வீட்லதான் இருந்திருக்கார், ஆர்ச்சரில அக்கம்பக்கம் பெரும்பாலும் கருப்பின குடும்பங்கதான். முதலாளி வீட்ட பாத்துட்டு அப்படியே நடந்து இந்த வீட்டுக்குள்ள போங்க, ரூம் எத்தன, சாமான் என்னன்னு நீங்களே பாத்துக்கலாம், யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்ல. அந்த காலத்து தெக்கத்தி அமெரிக்கா எப்படி இருந்துதுன்னு இந்த நூறடி நடைல தெரிஞ்சிடும்.

இனி கடலை. அமெரிக்கால வெளையுற கடலைல ஏறக்குறைய பாதி ஜார்ஜியாலேர்ந்துதான் வருது, அதுல இந்த பக்கம் முக்கியமான பகுதி. செப்டம்பர், அக்டோபர்ல போனீங்கன்னா ரோட்டோரம் வயல்ல செடிய புடுங்கி தலைகீழா கவுத்து, கடலை வெயில்ல காயுற மாதிரி வரிசை வரிசையா போட்டிருப்பாங்க, கார் கண்ணாடிய இறக்கினா புது மண் வாசமும் பச்சக் கடலை வாசமும் சேந்து அடிக்கும். அந்த வாசத்துக்காகவே ஏசிய அணைச்சுட்டு ஓட்டலாம். வழில கையால எழுதுன போர்டு பாப்பீங்க, "பாயில்ட் பீனட்ஸ்"னு. நிறுத்துங்க. நம்ம அவிச்ச கடலை மாதிரிதான்னு நெனச்சு வாயில போட்டா கொஞ்சம் அதிர்ச்சியா இருக்கும், நம்மளது பல்லுக்கு கொஞ்சம் கடிபடுற பதத்துல எறக்கிடுவோம், இவங்க உப்புத் தண்ணில பல மணி நேரம் கொதிக்க விட்டு அது வேக வச்ச மொச்சக்கொட்டை பதத்துக்கு வந்ததுக்கு அப்புறம்தான் எடுப்பாங்க. தோட்ட உடைக்கும்போது உப்புத்தண்ணி பீச்சி அடிக்கும், டிஷ்யூ பக்கத்துல வச்சுக்கங்க, அந்த தண்ணிய உறிஞ்சிட்டு அப்புறம் பருப்ப சாப்பிடுறதுதான் இங்கத்த முறை. கேஜன்னு ஒரு கார வகை இருக்கும், நம்ம நாக்குக்கு அதுதான் சரியா வரும். ஒரு எச்சரிக்கை, ஹைவே எக்ஸிட் பக்கத்துல ஒரு கேஸ் ஸ்டேஷன்ல காலைலேர்ந்து சூட்டுலயே கெடந்தத வாங்குனோம், உப்பு கரிச்சு, தோல் கூழா போயி, பசங்க ரெண்டு வாய்க்கு மேல தொடல. ஜூலைலேர்ந்து செப்டம்பர் வரைக்கும் பச்சக் கடலை சீசன், அப்ப ரோட்டோரத்துல கண்ணு முன்னாடி அண்டா கொதிக்கிற எடமா பாத்து வாங்குங்க.

ப்ளெய்ன்ஸ் மெயின் ஸ்ட்ரீட்ல கடலை கடை இருக்கு, பீனட் பட்டர் ஐஸ்க்ரீம் அங்க ஃபேமஸ், அதுக்கு இருக்குற பேரு நியாயமான பேருதான், இனிப்பு அதிகமில்லாம நிஜ கடலை ருசி இருக்கு. எண்ணெய்ல வறுத்த கடலையும் விக்கிறாங்க, தோட்டோடயே சாப்பிடலாம்னு சொல்லுவாங்க. பாக்கெட் பாக்கெட்டா வாங்கிட்டு வந்தோம், பூண்டு போட்டது ஒண்ணு ஆபீஸ்ல வச்சு ஒரே நாள்ல காலி.

சிரிக்கிற கடலை சிலை ஊருக்கு வடக்க ஹைவே 45ல ஒரு கன்வீனியன்ஸ் ஸ்டோர் பக்கத்துல நிக்குது. 13 அடி, கார்டர் மாதிரியே பல்லு முழுசா தெரியுற சிரிப்பு, 1976ல இந்தியானா மாநிலத்துக்கு கார்டர் பிரச்சாரத்துக்கு போனப்ப அங்க செஞ்சது. பாருங்க, போட்டோ எடுங்க, அஞ்சு நிமிஷம் போதும். அதே ரோட்லதான் மாரநாதா பாப்டிஸ்ட் சர்ச், பதவி முடிஞ்சு ஊருக்கு திரும்பி வந்து, 90 வயசு தாண்டியும் கார்டர் ஞாயித்துக்கெழம பாடம் எடுத்த எடம், அங்க இருக்குற மரச் சிலுவைய அவரே செஞ்சாராம். தம்பி பில்லி கார்டரோட கேஸ் ஸ்டேஷன் இப்ப சின்ன மியூசியம், அவர் பேர்லயே வந்த பில்லி பீர் கேன் எல்லாம் வச்சிருக்காங்க, நேரம் இருந்தா எட்டிப் பாருங்க. கார்டர் 2024 டிசம்பர் 29ல 100 வயசுல போனார், ரோசலின் அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி 2023 நவம்பர்ல. ரெண்டு பேரையும் 1961ல கட்டுன அவங்க வீட்டு எடத்துலயே குளத்துப் பக்கம் அடக்கம் பண்ணிருக்காங்க. உலகம் பூரா சுத்துன மனுஷன், திரும்பி வந்து அதே வீட்லயே இருந்து அதே மண்ணுலயே போனார், எனக்கு இந்த ஊர் மேல இருக்குற மரியாதைக்கு அதுவே போதும்.

அடுத்து ஆண்டர்சன்வில். ப்ளெய்ன்ஸ்லேர்ந்து கெழக்க பத்து மைல்ல அமெரிக்கஸ், அங்கேந்து வடக்க இன்னொரு பத்து மைல். இத ட்ரிப்போட கடைசில வைக்காதீங்க, நல்லா தூங்கி எழுந்த காலைல போங்க. உள்நாட்டுப் போர்ல தெக்கத்தி படைங்க புடிச்ச வடக்கத்தி சிப்பாய்ங்கள அடைச்சு வச்ச சிறை இது. 1864 பிப்ரவரிலேர்ந்து 14 மாசம்தான் நடந்துது, மொத்தம் 45,000 பேர் உள்ள வந்தாங்க, கிட்டத்தட்ட 13,000 பேர் இங்கயே செத்தாங்க. பத்தாயிரம் பேருக்குன்னு போட்ட வேலி, 1864 ஆகஸ்ட்ல உள்ள 32,000க்கு மேல. கூரை கெடையாது, வெட்டவெளி, நடுவுல போற ஒரே ஒரு ஓடைலதான் குடிக்கவும் எடுக்கணும், கழுவவும் செய்யணும்.

இப்ப போனா என்ன இருக்கும்னா, ஒண்ணும் இருக்காது. பச்சப் புல்லு, சரிவா ஒரு மேடு, வெள்ள வெள்ளயா கம்பம் ரெண்டு வரிசை நட்டிருப்பாங்க. வெளி வரிசை சிறைச் சுவர் இருந்த எடம், உள் வரிசை டெட்லைன், அந்த கோட்ட தாண்டி கால் வச்சா மேலேந்து காவல்காரன் சுட்டுடுவான். ரெண்டு வரிசைக்கும் நடுவுல நடந்து பாருங்க, ஒரு இருபதடிகூட இருக்காது. ஓரிரு எடத்துல மட்டும் அந்த காலத்து மரச்சுவர திரும்ப எழுப்பி, கந்தல் துணில கட்டுன கூடாரம் ரெண்டு மூணு வச்சிருக்காங்க. அப்புறம் கல்லறைத் தோட்டம். எத்தனையோ ராணுவ கல்லறைல கல்லுக்கு கல்லு எடைவெளி விட்டிருப்பாங்க, இங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்குது, பள்ளம் வெட்டி தோளோட தோள் வச்சு புதைச்சதால. டோரன்ஸ் அட்வாட்டர்னு ஒரு கைதிப் பையன், சாவுக் கணக்கு எழுதுற வேலைல இருந்தவன், அந்த லிஸ்ட்ட யாருக்கும் தெரியாம இன்னொரு காப்பி எழுதி வெளில கொண்டு வந்துட்டான். அந்த ஒரு வேலையாலதான் இன்னைக்கு பெரும்பாலான கல்லுல பேர் இருக்கு, 460 கல்லுல மட்டும்தான் பேரில்ல. பின்னாடி அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கத்த ஆரம்பிச்ச நர்ஸ் க்ளாரா பார்ட்டன் 1865ல இங்க வந்து அவனோட சேந்துதான் கல்லறைகளுக்கு அடையாளம் வச்சாங்க.

போர்க்கைதிகள் மியூசியம் ஒண்ணு 1998ல தெறந்தாங்க, எல்லா போரையும் சேத்து, நல்லா பண்ணிருக்காங்க, ஆனா சின்ன பசங்களுக்கு கனம் ஜாஸ்தி. பத்து வயசுக்கு கீழ இருந்தா ஒருத்தர் வெளில பசங்களோட இருந்து, மாத்தி மாத்தி போயிட்டு வாங்க. இதுவும் டிக்கெட் இல்ல.

அமெரிக்கஸ்ல தங்குறது வசதி, 1892ல கட்டுன விண்ட்ஸர் ஹோட்டல் இருக்கு, கோபுரமும் வளைவுமா பாக்கவே அழகு, தங்காட்டியும் உள்ள போய் லாபிய பாத்துட்டு வாங்க. ஊர் விமான தளத்துலதான் 1923ல சார்ல்ஸ் லிண்ட்பெர்க் (பின்னாடி அட்லாண்டிக் கடல தனியா பறந்து தாண்டுனவர்) 500 டாலருக்கு தன்னோட முதல் விமானத்த வாங்கி, முதல் தடவையா தனியா பறந்தார், ஒரு சிலை இருக்கு. ஏழைங்களுக்கு வீடு கட்டிக் குடுக்க உதவுற ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி அமைப்பு 1976ல ஆரம்பிச்சதும் இந்த ஊர்லதான்.

ஆனா ஹேபிடட்டோட வேர பாக்கணும்னா ஊருக்கு வெளில கொய்னோனியா பண்ணைக்கு போகணும், இத என் லிஸ்ட்ல ரொம்ப மேல வைப்பேன். 1942ல க்ளாரன்ஸ் ஜோர்டன்னு ஒரு பாப்டிஸ்ட் போதகரும் அவர் கூட சேந்தவங்களும் ஆரம்பிச்சது, கருப்பு வெள்ளைன்னு பாக்காம ஒரே பண்ணைல வேலை, ஒரே மேசைல சாப்பாடு. அந்த காலத்து ஜார்ஜியால இது சும்மா விடுற விஷயமா? ஊர்ல யாரும் இவங்ககிட்ட வாங்க மாட்டோம் இவங்களுக்கு விக்க மாட்டோம்னு ஒதுக்கி வச்சாங்க, வெத கெடைக்கல, இன்சூரன்ஸ் கெடைக்கல, ரோட்டோரத்துல இவங்க போட்டிருந்த கடைக்கு 1956-57ல டைனமைட் வச்சாங்க. உள்ளூர்ல விக்க முடியாதுன்னு ஆனதும் பீக்கன் பருப்ப (வால்நட் மாதிரி ஒண்ணு) தபால்ல வெளியூருக்கு அனுப்பி வித்து தாக்குப் புடிச்சாங்க. இன்னைக்கும் அங்க கடை இருக்கு, அதே பீக்கன், கடலை, சாக்லேட். போனப்ப கடைல இருந்த அம்மா ஒரு பீக்கன ரெண்டா ஒடச்சு கைல குடுத்து "மொதல்ல ருசி பாருங்க, அப்புறம் வாங்குங்க"ன்னாங்க. கடைல பாக்கெட்ல வாங்குற பீக்கன்ல வர்ற அந்த லேசான கசப்பு இதுல துளி கூட இல்ல, வெண்ணெ மாதிரி எறங்குது. ஊருக்கு எடுத்துட்டு போற கிஃப்ட் எல்லாம் நான் இங்கதான் வாங்குவேன்.

ரெண்டாவது நாளுக்கு ரெண்டு எடம் வச்சுக்கங்க. ஒண்ணு புவேனா விஸ்டா பக்கத்துல பாஸாக்வான், ப்ளெய்ன்ஸ்லேர்ந்து முக்கா மணி நேரம். எடி ஓவன்ஸ் மார்ட்டின்னு ஒருத்தர், 14 வயசுல வீட்ட விட்டு நியூயார்க் ஓடிப் போனவர், அங்க குறி சொல்லி பொழச்சவர், தனக்கு காட்சி தெரிஞ்சுதுன்னு சொல்லி செயின்ட் ஈஓஎம்னு பேர மாத்திக்கிட்டார். 1957ல அம்மா விட்டுட்டு போன பண்ணை வீட்டுக்கு திரும்பி வந்து, 1986ல சாகுற வரைக்கும் அந்த ஏழு ஏக்கரையும் சிமெண்டும் வீட்டு பெயிண்டும் வச்சு வேற ஒரு உலகமா மாத்திட்டார். பைன் மரக் காட்டுக்கு நடுவுல செம்மண் ரோட்ல போயிட்டே இருக்கீங்க, திடீர்னு சிவப்பு, மஞ்ச, நீலம்னு ஒரு மதில் சுவர், ஆளுயரத்துக்கு முகங்க, சக்கரம், சூரியன், பாம்பு. மதில் மட்டும் 900 அடி நீளம். மெக்ஸிகோ, ஆப்பிரிக்கா, இந்தியா எல்லாத்தையும் புத்தகத்துல பாத்து தன் மனசுல கலக்கி எடுத்தது, அதனால நம்ம கண்ணுக்கு சில எடம் பழகுனதாவும் அடுத்த சுவர்லயே சுத்தமா புரியாததாவும் இருக்கும். கிட்டக்க போய் பாருங்க, மார்பு, காது, ஆபரணம் எல்லாம் சிமெண்ட்ல பொடச்சு எடுத்து மேல வர்ணம் குடுத்திருக்கார், ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளயும் பெயிண்ட் கோடு கைநடுக்கமே இல்லாம இருக்கு. அந்த ஊர்க்காரங்க அவர பைத்தியம்னுதான் பாத்தாங்க. அவர் போனதுக்கு அப்புறம் எடம் பாழாகி, 2014ல கோலர் ஃபவுண்டேஷன் எடுத்து ரெண்டு வருஷம் செப்பனிட்டு கொலம்பஸ் ஸ்டேட் யூனிவர்சிட்டிகிட்ட குடுத்துச்சு, இப்ப அவங்கதான் பாத்துக்குறாங்க. வாரம் முழுக்க தெறந்திருக்காது, வெப்சைட்ல பாத்துட்டு அந்த நாளுக்கு ஏத்தாப்ல மொத்த ட்ரிப்பையும் ப்ளான் பண்ணுங்க. இந்த ஒரு எடத்துக்காக நாள மாத்துனாலும் தப்பில்ல.

இன்னொண்ணு லம்ப்கின் பக்கத்துல ப்ராவிடன்ஸ் கேன்யன். ஜார்ஜியாவோட குட்டி கிராண்ட் கேன்யன்னு விளம்பரம் பண்ணுவாங்க, அத நம்பி அரிசோனா மாதிரி எதிர்பாத்து போனா ஏமாந்துடுவீங்க, ஆழம் 150 அடிதான். ஆனா கதைய தெரிஞ்சுட்டு போனா ஆடிப் போயிடுவீங்க. இது ஆறு வெட்டுன பள்ளம் கெடையாது, மனுஷன் வெட்டுனது. 1800கள்ல காட்ட அழிச்சு பருத்தி போட்டாங்க, வரப்பு கட்டாம, சரிவுக்கு குறுக்க ஓட்டாம மேலேந்து கீழ ஏர் ஓட்டுனாங்க, மழ பேஞ்ச தண்ணி அந்த சால் வழியாவே எறங்கி மண்ண அரிச்சுட்டு போச்சு. 1850லயே மூணுலேர்ந்து அஞ்சு அடி பள்ளம், அதுக்கப்புறம் நிறுத்த முடியல. பழைய சர்ச் இருந்த எடமே பள்ளத்துக்குள்ள போயிடுச்சு, 1859ல ரோட்டுக்கு அந்தப் பக்கம் புதுசா கட்டுனாங்க, அது இன்னும் நிக்குது. நம்ம வீட்ல விவசாயம் பாத்த யாராவது கூட வந்தா மேல வேலிகிட்ட நிக்க வச்சு இந்த கதைய சொல்லுங்க, அவங்க முகத்த பாருங்க. எங்கம்மா "வரப்பு கட்டாதவன் பண்ணையமா இது"ன்னு ஒரே வரில முடிச்சிட்டாங்க.

மேலேந்து பாத்துட்டு திரும்பிடாதீங்க, கீழ எறங்குங்க, அதுதான் விஷயமே. வெள்ள, ரோஸ், ஆரஞ்சு, ஊதான்னு சுவர் பூரா அடுக்கு அடுக்கா மண்ணு, அடில எப்பவும் விரல் ஆழத்துக்கு தண்ணி ஓடிட்டே இருக்கும், மணல் சாக்லேட் கலர்ல கால புடிச்சு இழுக்கும். வெள்ள ஷூ போட்டுட்டு வராதீங்க, அந்த செம்மண் கறை போகவே போகாது, பழைய செருப்பு, மாத்து சாக்ஸ் காருல வைங்க. சுவர தொடாதீங்க, பேர் கிறுக்காதீங்க, கை வச்சாலே உதிருது, ஏற்கனவே நெறய கிறுக்கல் இருக்கு, பாக்க வேதனையா இருக்கு. ஜூலை, ஆகஸ்ட்ல போனா ப்ளம்லீஃப் அசேலியான்னு ஆரஞ்சு சிவப்புல ஒரு பூ இருக்கும், இந்த சுத்து வட்டாரத்துல மட்டும்தான் இயற்கையா வளரும். ட்ரெயில்ல ஒரு எடத்துல 1950கள் காலத்து துருப்புடிச்ச கார்ங்க காட்டுக்குள்ள கெடக்கும், எடுக்கப் போனா செடிகொடி, பிராணிகளுக்கு தொந்தரவுன்னு அப்படியே விட்டுட்டாங்க, பசங்களுக்கு கேன்யன விட அதுதான் பிடிச்சுது. பார்க்கிங்குக்கு காசு உண்டு.

ஐ-75க்கு திரும்பி போற வழில லெஸ்லின்னு ஒரு சின்ன ஊர்ல பழைய பருத்தி கிடங்குல டெலிபோன் மியூசியம் இருக்கு, சுத்துற டயல் போன பாக்காத பசங்களுக்கு கண்டிப்பா காமிங்க, தெறந்திருக்கான்னு போன் பண்ணி கேட்டுட்டு போங்க. கார்டீல் எக்ஸிட் 101ல டைட்டன் ஏவுகணை ஒண்ணு செங்குத்தா நிக்குது, கார்லேர்ந்தே பாத்தா போதும். கார்டீல்லேர்ந்து ஆர்ச்சரி வரைக்கும் ஸாம் ஷார்ட்லைன்னு பழைய ரயில் ஓடுது, ப்ளெய்ன்ஸ்ல நிக்கும், வயசானவங்க கூட வந்தா கார விட இது சுகம்.

சாப்பாட்டு விஷயம், சைவம் சாப்பிடுறவங்க கவனமா இருங்க. இந்த பக்கம் மெனுல வெஜிடபிள்ஸ்னு போட்டிருந்தாலும் காலர்ட் கீரை, பீன்ஸ், பட்டாணி எல்லாம் பன்னிக்கறித் துண்டு போட்டுத்தான் வேக வைப்பாங்க, சோள ரொட்டில கொழுப்பு சேக்குற எடமும் உண்டு. "இதுல மீட் இருக்கா"ன்னு கேட்டா சில பேர் இல்லன்னு சொல்லிடுவாங்க, துண்ட எடுத்துட்டா இல்லன்னுதான் அவங்க கணக்கு, அதனால "பன்றிக் கொழுப்பு போட்டு வேக வச்சீங்களா"ன்னு நேரா கேளுங்க, உண்மைய சொல்லுவாங்க, கோவிச்சுக்க மாட்டாங்க. நாங்க புளிசாதமும் எலுமிச்ச சாதமும் கட்டிட்டு போயிட்டோம், ப்ராவிடன்ஸ்ல பிக்னிக் மேசை இருக்கு. அசைவம் சாப்பிடுறவங்களுக்கு கவலையே இல்ல, ஃப்ரைடு சிக்கன் எந்த சின்ன கடைல சாப்பிட்டாலும் நல்லாருக்கு.

கொசுவ விட சின்னதா நாட்னு ஒரு பூச்சி, மே மாசத்துலேர்ந்து கண்ணு, காதுன்னு மொய்க்கும், கடிக்கிறது கம்மிதான் ஆனா கடுப்பேத்தும், தொப்பியும் ஸ்ப்ரேயும் எடுத்துக்கங்க. லம்ப்கின் பக்கம் போன் சிக்னல் அப்பப்ப போயிடும், மேப்ப முன்னாடியே டவுன்லோட் பண்ணிடுங்க, கேஸ அமெரிக்கஸ்லயே ஃபுல் பண்ணிடுங்க. ஊருக்குள்ள நுழையும்போது 55லேர்ந்து 35க்கு டக்குனு எறங்கும், போர்ட பாத்து ஓட்டுங்க.

எப்ப போறதுன்னா என் ஓட்டு செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் பாதி. கடலை அறுவடையும் இருக்கும், பருத்தியும் வெடிக்க ஆரம்பிச்சிருக்கும், வெயிலும் அடங்கும். செப்டம்பர் கடைசி சனிக்கெழம ப்ளெய்ன்ஸ்ல கடலைத் திருவிழா நடக்கும், ஊர்வலம், பாட்டு, மெயின் ஸ்ட்ரீட் பூரா கடைன்னு ஊரே வெளில நிக்கும். ஆனா அன்னைக்கு பண்ணை வீட்ட நிதானமா பாக்க முடியாது, அமெரிக்கஸ்ல ரூமும் சுலபமா கெடைக்காது, அதனால திருவிழாவுக்கு போறவங்க முன்கூட்டியே புக் பண்ணி வெள்ளிக்கெழமயே போய் பண்ணைய பாத்து முடிச்சிடுங்க, பாஸாக்வான ஞாயித்துக்கெழம திரும்பி வர்ற வழில வச்சுக்கங்க.